நகத்தடியில் நீலம்

1969ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 12ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை நான்கேகால் மணி. கல்லூரியிலிருந்து திரும்பிய நான், ஃப்ளூ காய்ச்சலில் படுத்திருந்த அப்பாவுக்குக் கஞ்சி கொடுக்கக் குனிந்தபோது, அவருடைய நகங்கள் நீலமாக இருப்பதைப் பார்த்தேன்.

அதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. அப்பா பட்டுக்குச் சாயம் போடுபவர். கொதிக்கும் செப்புத் தொட்டியில் நூலைப் புரட்டிப் புரட்டி, எங்கள் தெருத் தறிகளில் ஏறும் நிறம் எதுவோ அதுவே அவர் விரல்களின் நிறமாக இருக்கும். அந்தப் பருவத்தில் நீலத்துக்குத்தான் கிராக்கி. ஆனால் அவர் பட்டறைக்குப் போய்ப் பன்னிரண்டு நாட்கள் ஆகியிருந்தன. முதல் வாரம் நூல் வரவில்லை, பிறகு காய்ச்சல். சாயக்காரர் வீட்டில் வளர்ந்தவளுக்கு ஒன்று தெரியும்: நகம் வளர வளரப் பழைய சாயம் நுனியை நோக்கி நகரும், அடியில் புதிதாக முளைக்கும் விளிம்பு வெளுத்திருக்கும். அப்பாவுக்கு அந்த விளிம்பும் நீலமாக இருந்தது.

நகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"சாயம்மா," என்றார். அந்த ஒரு சொல்லுக்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

ஐந்து மணிக்குக் கம்பவுண்டர் வந்தார். தெருவில் பாதி வீடுகளில் காய்ச்சல். எல்லா வீட்டுக்கும் அதே சிவப்பு மிக்சர் மருந்து. அம்மா நகங்களைக் காட்டினாள்.

"இவரு ஒடம்புல ரத்தமா ஓடுது? சாயந்தாம்மா ஓடிக்கினு இருக்குது."

அம்மா சிரித்தாள். அப்பாவும் சிரிக்கப் பார்த்து இருமினார். அவருடைய உதடுகளின் நிறத்தை வெற்றிலைக் கறை மறைத்திருந்தது.

நான் கதவோரம் நின்றிருந்தேன். பாடப் புத்தகத்தில் பிழையைக் கண்டால் ஓரத்தில் பென்சிலால் குறித்துவைப்பேனே தவிர, வகுப்பில் எழுந்து சொல்ல மாட்டேன். பெரியவர்கள் பேசும் இடத்தில் வாய் திறப்பது அடக்கமில்லை என்று நினைத்தேன். அடக்கம் என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு பொருளும் உண்டு. இலக்கியம் படிப்பவளுக்கு அது அப்போது நினைவுக்கு வரவில்லை.

புதன்கிழமை மதியம் அப்பாவின் பேச்சு குழறியது. குதிரைவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் அவருடைய கட்டைவிரல் நகத்தை அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். வெளுத்த இடத்தில் நிறம் திரும்ப வெகுநேரம் ஆயிற்று; திரும்பியபோதும் அது சிவப்பாக இல்லை. நான் கேட்டேன், அவர் பொறுமையாகவே சொன்னார். வைரஸ் நுரையீரலைத் தாக்கி, உள்ளே நீர் கோத்திருக்கிறது. சிவப்பணுக்கள் மூச்சுக்காற்றை ஏற்றிக்கொள்ளாமல் வெறுமனே திரும்புகின்றன. அப்படிப்பட்ட ரத்தம் கறுத்து, தோலின் வழியே நீலமாகத் தெரியும். நோய் முற்றும்போது அந்த அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கடுக்காகச் சேரும். மயிரிழை போன்ற குழாய்களில் ஓட்டம் தேங்கும். விரல் நுனிகள் குளிர்ந்துபோகும். பிராணவாயு வைத்துப் பார்க்கலாம் என்றவர், ஒரு நாள் முன்னதாக வந்திருக்கலாம் என்றும் சொன்னார். குற்றம் சாட்டும் குரலில் அல்ல. மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டே.

வியாழக்கிழமை பிற்பகல் அப்பா இறந்தார்.

மறுநாள் காலை துக்கம் விசாரிக்கக் கம்பவுண்டர் வந்தார். அம்மாவின் எதிரில் தலையைக் குனிந்து நின்று, "சாயத்துல ஒண்ணுமே தெரியலம்மா," என்றார்.

"அடி நகம் புதுசா முளைச்சது சார்," என்றேன். "அதுல சாயம் இருக்காது."

அவர் வாசலில் செருப்பைத் தேடினார். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"ஒனக்கு எப்படிம்மா தெரியும்?"

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதாக அவளிடம் பொய் சொன்னேன்.