நோய்க்கு நட்ட வரிசை

நெல்லுக்கு நோய் வரவழைப்பது என் வேலை. பூஞ்சையால் வரும் குலை நோயைத் தாங்கும் மரபணு ஒன்றைச் சேர்த்து எங்கள் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ரகம் சமவெளியில் நோயில்லாமல் நின்றது. ஆனால் மலையின் பனி வேறு, மலையின் பூஞ்சை வேறு. அதனால் செம்மநத்தம் என்ற மலைக்கிராமத்தில் ஓர் அக்காவின் ஓடையோர வயலில் சோதனை வைத்தேன். போன வருடம் அவருடைய நெல் மொத்தமும் குலை நோயில் பதராகிப் போயிருந்தது. எங்கள் ரகம் தேறினால் முதல் விதை அவருக்குத்தான் என்று பேச்சு.

சோதனை ரகத்தைச் சுற்றி, சீக்கிரம் நோய் பிடிக்கும் நெல்லை வரிசையாக நடுவது எங்கள் வழக்கம். அதில் பெருகினால்தான் நோய் உள்ளே பரவும். அந்த வரிசையில் புள்ளி விழுந்ததைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகச் சேலத்துக்கு, நிலையத்துக்குப் போனேன். திரும்பி வந்தால் வரிசையே இல்லை. அக்கா பிடுங்கி எரித்துவிட்டார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"நோவு புடிச்ச பயிர எப்படிங்க உட்டு வெக்கறது? உங்க பயிருக்கும் ஒட்டிக்குமில்லீங்க" என்றார்.

ஒட்டத்தான் நட்டேன் என்றேன். இந்த மரபணு கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் மாதிரி. திருடனை மீசையை வைத்துத்தான் அதற்கு அடையாளம் தெரியும்; மழித்துக்கொண்டு வந்தால் சலாம் போட்டு உள்ளே விட்டுவிடும். மலைப் பூஞ்சைக்கு மீசை இருக்கிறதா என்று பார்க்கத்தான் இத்தனை பாடும்.

"அப்ப இது தாங்குமான்னு உங்களுக்கே தெரியாதுங்களா?"

தெரியாது என்றேன். சொல்லக் கூச்சமாக இருந்தது.

மறுபடி வரிசை நட்டோம். இதற்குள் அக்காவின் சொந்த நெல்லில் நோய் கண்டது. புள்ளி விழுந்த தாள்களை அறுத்து, முந்தானையில் கட்டிக்கொண்டு வந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன் கையாலேயே அந்த வரிசைக்குள் தூவினார்.

சுற்று வரிசை கருகியது. எங்கள் ரகத்திலும் ஊசி குத்தினாற்போலப் பழுப்புப் புள்ளிகள். அக்காவின் கை பிடுங்குவதற்குத் தானாகத் தூருக்குப் போய், பாதியில் நின்றது. பொறுங்கள் என்றேன். பூஞ்சை நுழைந்த இடத்தை இலை தானே சாகடித்து, நோயை அங்கேயே அடைக்கப் பார்க்கிறது. புள்ளி விரிந்தால்தான் தோல்வி என்று விளக்கினேன். எனக்கும் பயம்தான்.

புள்ளி விரியவில்லை.

விதை கொடுத்தபோது, பூஞ்சை மாறிக்கொண்டே இருக்கும், அடுத்த வருடத்துக்கு என்னால் உறுதி சொல்ல முடியாது என்றேன். அக்கா விதையை மடியில் கட்டிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அந்தச் சீக்கு நெல்லுலயும் ஒரு கை குடுங்க. வருசா வருசம் ஒரு மூலையில இதச் சுத்தி நட்டு, இன்னும் தாங்குதான்னு நானே பாத்துக்கறனுங்க."