பவளம் அக்காவின் மெஷின் மொட்டை

1. முதல் தலை

எலெக்ட்ரிக் ஷேவரால் நான் போட்ட முதல் மொட்டை என் சொந்தத் தலைதான்.

பதுளை டவுனில் முப்பது வருடமாக சலூன் நடத்துகிறேன். கத்தி பிடித்துப் பழகிய கைக்கு மெஷின் என்றால் ஓர் இளக்காரம். முடி வெட்டக் கிளிப்பர் சரி, மொட்டைக்குமா மெஷின் என்று சிரித்தவன் நான். பக்கத்தில் எலெக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணனை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒருநாள் ஒரு ஷேவரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "பாவிச்சுப் பாருங்க. புடிக்காட்டித் திருப்பித் தாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிக்கொண்டு என் தலையில் ஓட்டிப் பார்த்தேன். முதலில் கிளிப்பர், பிறகு ஷேவர். சோப்பு வேண்டாம், தண்ணீர் வேண்டாம். ஷேவரின் முகத்தில் சல்லடை மாதிரி ஒரு மெல்லிய தகடு இருக்கும். அதைத்தான் ஃபாயில் என்கிறோம். பிளேட் அதற்கு உள்ளேயே ஓடுகிறது, தோலை நேராகத் தொடுவதில்லை. கத்தி தருகிற வழுவழுப்பு வரவில்லை, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அதற்கு அடுத்த இடத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஒரு கீறல் கூட இல்லை.

வேலை நன்றாகத்தான் முடிந்தது. ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. எங்கள் ஆட்களில் ஒருவன் திடீரென்று மொட்டையோடு வந்து நின்றால் வீட்டில் சாவு என்று அர்த்தம். மறுநாள் காலை நானாவே பதறி ஓடிவந்தார்.

"அப்பா மௌத்தாகிட்டாரா? ஒரு வார்த்தை சொல்லலியே!"

"ஒங்க மெஷின் செஞ்ச வேலை நானா. அப்பா வீட்டுல ரொட்டி சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு."

அன்றைக்கு முடிவெட்ட வந்தவர்களை விட துக்கம் விசாரிக்க வந்தவர்கள்தான் அதிகம்.

2. பூமுடி போதாது

அந்தக் கதை மடுல்சீமை வரைக்கும் போயிருக்கிறது. அங்குள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து பவளம் அக்காவும் அவர் மகள் தர்ஷினியும் பஸ் ஏறி என்னைத் தேடி வந்தார்கள். அக்காவுக்கு அறுபதை நெருங்கும் வயது. முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்தவர். இருதயத்தில் ஆபரேஷன் செய்து, மூன்று வருடமாகக் கூடையை இறக்கி வைத்திருக்கிறார். ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை எடுக்கிறார்.

தர்ஷினியின் பிரசவம் சிக்கலாகிப் பிள்ளையும் தாயும் இழுபறியில் கிடந்தபோது, இரண்டு உயிரும் தப்பினால் மொட்டை போடுவதாகத் தோட்டத்து முருகனுக்கு அக்கா நேர்ந்திருக்கிறார். பிள்ளைக்கு இப்போது ஒரு வயது. திருவிழாவும் வந்துவிட்டது.

"டொக்டர் தலையில பிளேட் படவே கூடாதுன்னுட்டாருண்ணே. கீறுச்சுன்னா ரத்தம் நிக்காதாம். பூமுடி குடுத்தாப் போதும்மான்னு சொல்றேன், கேக்க மாட்டேங்குறாங்க" என்றாள் தர்ஷினி. பூமுடி என்றால் மூன்று கொத்து முடியை மட்டும் கத்தரித்துக் கொடுப்பது.

"மூணு கொத்துக்கா நேர்ந்தேன்? மொட்டைன்னு வாய் தொறந்து சொல்லிட்டேன். தம்பி, ஒங்க மெஷினால முடியும்னா வாங்க. முடியாதுன்னா சொல்லிருங்க, திருவிழாவுக்கு வர்ற கத்திக்காரர்கிட்ட உக்காந்துக்கிறேன்."

மிரட்டலாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் கேட்பது போலச் சொன்னார். நான் மறுத்தால் இந்த அம்மா நிச்சயம் கத்திக்குத் தலையைக் கொடுத்துவிடுவார் என்று புரிந்தது. வருகிறேன் என்றேன். அன்றிரவே மெஷினைச் சார்ஜில் போட்டேன்.

3. ஈரம்

கோயில் வாசலில் ஒரு பலகையில் அக்காவை உட்கார வைத்தோம். மலை முழுக்க மூட்டம். பூசாரி மஞ்சள் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்தார். நான் பின்னலைக் கத்தரித்துத் தட்டில் வைத்தேன். அதுவரை எல்லாம் சரி.

அடுத்து நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. முப்பது வருடப் பழக்கத்தில், மொட்டை என்றதும் கை தானாகச் செம்புக்குப் போய்விட்டது. முழுத் தண்ணீரையும் தலையில் ஊற்றி நன்றாக ஊறத் தேய்த்தேன். கத்திக்கு முடி ஊற வேண்டும். இந்த மெஷினுக்கோ உலர்ந்திருக்க வேண்டும். கிளிப்பரை வைத்ததும் ஈரமுடி அப்பிக்கொண்டு, அறுக்காமல் இழுத்தது. அக்காவின் தோள் சட்டென்று உயர்ந்தது.

மெஷினை நிறுத்திவிட்டு இழுத்த இடத்தைப் பார்த்தேன். சிவந்திருந்தது, ரத்தம் இல்லை. பெட்டிக்குள் கத்தி இருக்கிறது, தலையும் ஊறி இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. அந்த நினைப்பு வந்ததை மறைக்க மாட்டேன்.

தர்ஷினி அழ ஆரம்பித்தாள். "போதும்மா. பின்னலைக் குடுத்தாச்சுல்ல, எந்திரிங்க."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் தம்பி, ஈரமா இருந்தா மெஷின் இழுக்குமா?"

"ஆமாக்கா. தப்பு என்னோடது. பழக்கதோசத்துல ஊத்திட்டேன்."

"அதுக்கு ஏன் மூஞ்சியைத் தொங்கப் போடுறீங்க? ஸ்டோருல கொழுந்தை வாட்டாமலா அரைக்கிறாங்க? வாடட்டும். அப்புறம் அரைங்க."

தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோரு என்றுதான் சொல்வார்கள். பறித்த கொழுந்தைக் காற்றில் வாட்டி, ஈரம் இறங்கிய பிறகுதான் அரைப்பார்கள். எனக்கு வராத நிதானம் அந்த அம்மாவுக்கு வந்தது. துண்டால் தலையை ஒற்றிக்கொண்டு, பாதி வெட்டிய முடியோடு, திருவிழாக் கூட்டத்தின் நடுவில் பேரப்பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். முக்கால் மணி நேரம் கழித்து வெயில் முகம் காட்டியது. தலையில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "வாடிருச்சு, வாங்க" என்று கூப்பிட்டார்.

4. கயிறு போன பாதை

கிளிப்பர் இந்த முறை சுத்தமாக ஓடியது. பிறகு ஷேவர். இடது கையால் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். வலது கை அமுக்கக்கூடாது, சின்னச் சின்ன வட்டமாகப் போக வேண்டும். ஃபாயில் சுடுகிறதா என்று அடிக்கடி என் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தேன். சுட்டால் நிறுத்தி ஆறவிட்டேன்.

உச்சிக்கு வந்ததும் மெஷின் ஓரிடத்தில் பிடிக்காமல் நழுவியது. நெற்றிக்கு நான்கு விரல் மேலே, குறுக்காக ஒரு பள்ளம் ஓடியது. பெண்கள் என் சலூனுக்கு வருவதில்லை. அப்படியொன்றை நான் பார்த்ததே இல்லை.

"எங்கயாச்சும் விழுந்தீங்களாக்கா? தழும்பு மாதிரி இருக்கே."

"விழல தம்பி. அது கூடைக் கயிறு போன பாதை."

கொழுந்துக் கூடை முதுகில் தொங்கினாலும் கயிறு தலையில்தான் மாட்டியிருக்கும். முழுப் பாரமும் அந்த ஒரு கோட்டில் இறங்கும். கூடையை இறக்கி மூன்று வருடமாகியும் அந்தக் கோடு மேலே வரவில்லை. என் அம்மாவும் கூடை சுமந்தவர்தான். அவர் போய்ச் சேரும்வரை, அவர் தலையை நான் ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை. அது எனக்கு அந்தக் கோயில் வாசலில்தான் உறைத்தது.

பள்ளத்துக்குள் நின்ற முடிக்கு ஃபாயில் எட்டவில்லை. அமுக்கினால் ஓரத்தில் கீறிவிடும். இரண்டு விரலால் தோலை விரித்து, பள்ளத்தை மட்டமாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். மொத்தத் தலைக்கு ஆன நேரம் அந்த ஒரு கோட்டுக்கே ஆனது. முடிந்ததும் வெள்ளைத் துணியால் தலை முழுக்கத் துடைத்து, துணியைத் தர்ஷினியிடம் விரித்துக் காட்டினேன். ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. அவள் துணியை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள்.

அக்காவிடம் கண்ணாடியைக் கொடுத்தேன். பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்து, "இதுதானா அது! இவ்வளவு நாளா நானே பாக்கலியே" என்று சிரித்தார்.

சந்தனம் பூசியதும் தர்ஷினி சால்வையை நீட்டினாள். "மூடிக்கங்கம்மா. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். முடியைத்தான் நேர்ந்தேன். இதையும் முருகன் பாத்துக்கட்டும்."

சால்வையை வாங்காமல் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சந்நிதிக்குப் போய்க் குனிந்து நின்றார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு அவருக்குப் பின்னால் போய் நின்றேன். கும்பிட்டது முருகனை மட்டுமல்ல.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். முடி காயும்வரை மெஷினைத் தொடாதீர்கள். காய்ந்த பிறகும் முதலில் விரலை ஓட்டுங்கள், மெஷினைப் பிறகு ஓட்டலாம். அந்தத் திருவிழாவுக்குப் பிறகு நேர்த்திக்கடன், வைத்தியம் என்று தோட்டத்து அக்காமார் பலர் என்னிடம் தலையைக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் தலையிலும் என் விரல் முதலில் அந்தப் பள்ளத்தைத்தான் தேடுகிறது. கொழுந்து பறித்த ஒருவர் தலையிலும் அது இல்லாமல் போனதில்லை.