ஏழாவது விளக்கு

சந்தையில் மீன்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது தங்கை சரோஜா அழைத்தாள். "அண்ணே, எழுப்புறேன், எழுந்திரிக்க மாட்டேங்கிறாரு" என்றாள். பினாங்குப் பாலத்தை என்னைப் போல வேகமாகக் கடப்பவர் இந்தத் தீவிலேயே கிடையாது. அன்றும் பறந்தேன். அக்கரையில், பாகான் டாலாமில் இருக்கும் அவள் வீட்டு வாசலில் அதற்குள் செருப்புகள் குவிந்திருந்தன. சரோஜாவின் கணவர், என் மச்சான் தனபாலன் காலமாகிவிட்டார்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிறை ஊரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவர். அதிகம் பேசமாட்டார். ஆயிரம் பேர், ஏன், இரண்டாயிரம் பேர் கூடிய தம் கல்யாணத்திலேயே, மணவறையில் உட்கார்ந்தபடி அலங்கார விளக்கு ஏன் விட்டுவிட்டு எரிகிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவர்.

தைப்பூசத்துக்கு எங்கள் குடும்பம் ஜார்ஜ் டவுனில் தண்ணீர்ப் பந்தல் போடும். மற்ற பந்தல்களில் பாட்டு காதைப் பிளக்கும். "நாமளும் ஏதாச்சும் செய்யணும் மச்சான். ஆனா சத்தம் வேணாம்லா" என்று ஒரு வருஷம் சொன்னவர், தீப்பெட்டி அளவுப் பலகை ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் ஒரு சிப். கணினியில் ப்ரோகிராம் எழுதி அதற்குள் ஏற்றிவிட்டால், வரிசையாக நிற்கும் பதினாறு எல்.இ.டி. விளக்குகளும் அது சொல்கிறபடி எரியும். வெளிச்சம் ஓடும், திரும்பும், இரு முனையிலிருந்தும் வந்து நடுவில் சந்திக்கும்.

நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் படிவத்தோடு நின்றவன். இவனுக்குச் சொல்லிக்கொடுக்க இனி ஒன்றுமில்லை என்று வாத்தியாரே கையெடுத்துக் கும்பிட்டார். மச்சான் எனக்கு இப்படித்தான் விளக்கினார்: "ஒவ்வொன்னுக்கும் ஒரு நம்பர், மச்சான். நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டா எரியும். கூப்பிடலன்னா எத்தனை வருஷமானாலும் சும்மா நிக்கும்."

ஈயம் வைத்து ஒட்டும் வேலை முழுவதும் என்னுடையது. முழுவதும் என்றால், ஏழாவது விளக்கு.

பூசத்தன்று மாலை அது மட்டும் எரியவில்லை. கூட்டம் வரத் தொடங்கிவிட்டது, கழற்றி மாட்ட நேரமில்லை. "உங்க கைராசி, மச்சான்" என்று சிரித்துவிட்டு, மோர்ப் பானைகளுக்கு நடுவே மடிக்கணினியைத் திறந்து ப்ரோகிராமை மாற்றி எழுதினார். கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் ஆறாவது வரை நடந்துவந்து, ஒரு கணம் தயங்கி, எட்டாவதுக்குத் தாவியது. காவடி ஆடுபவர் கால் மாற்றுவதுபோல இருந்தது. போனவர்கள் நின்று பார்த்தார்கள். யார் யோசனை என்று கேட்டவர்களிடமெல்லாம் என் யோசனை என்றேன். பக்கத்தில் நின்ற அவர், "ஆமா, மச்சானோடதுதான்" என்றார், ஒவ்வொரு தடவையும்.

அந்த வரிசையை இப்போது அவர் படத்துக்கு மேலே கட்டியிருக்கிறோம். "ஒன்னு மட்டும் இருட்டா நிக்குது, அண்ணே. பார்க்க முடியல. கருமக்கிரியைக்கு முன்னால எரிய வச்சிடுங்க" என்றாள் சரோஜா. புது விளக்கு மாட்டினேன். எரியவில்லை. கம்பியை மாற்றினேன். எரியவில்லை.

அவரோடு வேலை பார்த்த கண்ணன் வந்து மீட்டர் வைத்துப் பார்த்தார். "விளக்கும் நல்லாருக்கு, நீங்க ஒட்டினதும் நல்லாருக்கு, அண்ணே. ப்ரோகிராம்தான் இதைக் கூப்பிடல."

"அப்போ கூப்பிடச் சொல்லுங்க."

"அவரு எழுதினது இந்த சிப்புக்குள்ள மட்டும்தான் இருக்கு. லேப்டாப் எப்பவோ கெட்டுப்போச்சு. சிப்பையும் பூட்டி வச்சிருக்காரு, படிக்க முடியாது. புதுசா எழுதி ஏத்தலாம். ஏத்தினா பழசு அழிஞ்சிடும்."

சரோஜா விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவர் எழுதின மாதிரியே வருமா, தம்பி?"

"கிட்டத்தட்ட வரும், அக்கா."

"கிட்டத்தட்டன்னா வேணாம்."

என்னால் ஆகாத காரியம் இந்த ஊரில் இல்லை. ஒரு போன் போட்டால் பெரிய பெரிய ஆட்கள் எழுந்து வருவார்கள். அன்று நாற்காலிமேல் ஏறி நின்றவன், யாருக்குப் போன் போடுவது என்று தெரியாமல் இறங்கினேன்.

மச்சான், வெளிச்சம் உங்கள் படத்தின்மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆறு வரை வருகிறது, தயங்குகிறது, எட்டுக்குத் தாவுகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தத் தாவல் யார் யோசனை என்று கேட்கிறார்கள். உங்களுடையது என்கிறேன். ஏழாவது நல்ல விளக்கு. நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று நிற்கிறது. போய் வாருங்கள்.