கார்த்திகையில் ஏது உப்புப் புண்?

எழுபதுகளின் நடுவில், ஒரு ஆனி மாதம். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய ஒரு குக்கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தேன். எனக்கு அதுதான் முதல் வேலை. தலைமை ஆசிரியர் ஒருவர், நான் ஒருத்தி, அவ்வளவுதான் பள்ளிக்கூடம். எனக்குக் கொஞ்சம் வாய் அதிகம். "இந்த வாயை வச்சிக்கிட்டு எங்க போய் குப்பை கொட்டப் போறியோ" என்று தலையில் அடித்துக்கொண்டுதான் அம்மா என்னை பஸ் ஏற்றிவிட்டார்.

போன முதல் வாரமே பிள்ளைகளின் கால்களைப் பார்த்து எனக்குப் பகீரென்றது. லீவு நாட்களில் அப்பா அம்மாவோடு உப்பு வாரப் போகிற பிள்ளைகள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று விரல் இடுக்கு, கணுக்கால் எல்லாம் வெடித்துப் புண்ணாகிக் கிடந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டில் ஒரு அம்மா இருந்தார். கூடையில் உப்பு சுமக்கிற வேலை. அவரிடம் போய்ப் புலம்பினேன். அவர் தன் காலை நீட்டிக் காட்டிச் சிரித்தார். "உப்புப் புண்ணு டீச்சரம்மா. பயப்படாதீங்க. மழை வந்து உப்பளத்த மூடுனா தானா ஆறிடும்" என்றார்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை. தாய் இல்லை. அப்பா எங்கோ மெட்ராஸ் பக்கம் கூலி வேலைக்குப் போனவர், எப்போதாவது வருவார். பிள்ளை தாய்மாமன் வீட்டில் வளர்ந்தாள். மாமன் உப்பள மேஸ்திரி. அந்த ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு வேலை கொடுப்பதும் நிறுத்துவதும் அவர் கையில்தான். குடிப்பழக்கம் கிடையாது, அதிர்ந்து பேச மாட்டார், என்னைப் பார்த்தால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிடுவார்.

அவளுக்கு மட்டும் புண் முழங்கைக்கு மேலே இருந்தது. கேட்டால், "உப்புப் புண்ணு டீச்சர்" என்பாள். தலைமை ஆசிரியரும் அதையே சொன்னார். உப்புக் கூடையிலிருந்து தண்ணீர் வழிந்திருக்கும் என்று நானும் நினைத்துக்கொண்டேன். வெளியூர்க்காரிக்கு என்ன தெரியும்?

ஐப்பசி பிறந்தது, மழை பிடித்துக்கொண்டது. பாத்தி எது வரப்பு எது என்று தெரியாமல் உப்பளம் முழுக்க ஒரே வெள்ளம். வேலை நின்று போனது. சொன்னது போலவே பிள்ளைகளின் கால்கள் ஆறிவிட்டன. பக்கத்து வீட்டு அம்மா கூட, "இப்பதான் என் காலு எனக்கே அடையாளம் தெரியுது" என்று கேலி பேசினார்.

அந்தப் பிள்ளைக்கு மட்டும் தோளில் புதிதாக ஒரு புண். அதே பதில்தான் வந்தது. "மழையில ஏதும்மா உப்பு?" என்று கேட்டேன். நான் வகுப்பைத் திரும்பிப் பார்த்தேன். ஓயாமல் கத்துகிற பிள்ளைகள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அது உப்பால் வந்த புண் இல்லை என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது! எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

தலைமை ஆசிரியரிடம் போனேன். அவர் சன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "நீங்க மாத்தல் வாங்கிட்டுப் போயிடுவீங்க. நான் இந்த ஊர்லதான் குடும்பம் நடத்தணும். வாத்தியார் போய் சொல்லணும்னு சட்டத்துல எங்கனா இருக்குதா, சொல்லுங்க, நான் வர்றேன்" என்றார். அப்படி ஒரு சட்டம் இருப்பதாக எனக்கும் தெரியவில்லை.

பிள்ளையை ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மருந்து போட்டார்கள். எப்படி ஆனது என்று ஒருவரும் கேட்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கிருந்த ஏட்டு, "பெத்தவங்க வந்து எழுதிக் குடுக்கட்டும். நீங்க யாரு அந்தப் புள்ளைக்கு?" என்று கேட்டார். டீச்சர் என்றேன். "அப்ப பாடத்த நடத்துங்க" என்றார். ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்தது. பஸ்ஸில் வரும்போது அந்தப் பிள்ளைதான் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

நான் ஊர் திரும்பும் முன்பே சேதி போய்ச் சேர்ந்திருந்தது. மறுநாள் மேஸ்திரி பள்ளிக்கூடத்துக்கே வந்தார், அதே கும்பிடோடு. "புள்ளைய நாங்க பாத்துக்கறோம் டீச்சரம்மா. உங்களுக்கு எதுக்கு சிரமம்?" என்றார். அதற்கப்புறம் அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டால் ஊருக்குப் போயிருக்கிறாள் என்று கதவைச் சாத்தினார்கள். எந்த ஊருக்கு? அவளுக்கு ஏது போக ஊர்? இந்த வாயால்தான் அவளுக்குக் கேடு வந்ததோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கார்த்திகையில் புயல் அடித்தது. பக்கத்தில் இருந்த கழுவெளி ஏரி நிரம்பித் தண்ணீர் ஊருக்குள் வந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் தண்ணீர் ஏறினால் ஊரே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடும், அது ஒன்றுதான் மேட்டில் இருக்கிற கல் கட்டிடம். காலையிலேயே ஆடு, கோழி, சட்டி பானையோடு எல்லோரும் வந்து அடைந்துகொண்டார்கள். மேஸ்திரி வீட்டாரும் வந்தார்கள். ஊருக்குப் போனதாகச் சொன்ன பிள்ளை அவர்களுக்குப் பின்னால் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு வந்தாள்.

ஒரு மூலையில் புடவையைத் திரையாகப் பிடித்துப் பிள்ளைகளுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தார்கள். புடவையின் ஒரு முனை என் கையில். இவள் மட்டும் சுவரோரம் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு நின்றாள். மேஸ்திரியின் மனைவி, "இருக்கட்டும், அதுவே காஞ்சிடும்" என்றாள். பக்கத்து வீட்டு அம்மாதான், "ஜன்னி வந்துடும்டி, இங்க வா" என்று அவளைத் திரைக்குள் இழுத்துச் சட்டையைக் கழற்றினார்.

அவள் முதுகை நான் இங்கே எழுதப் போவதில்லை. கரண்டியைக் காய்ச்சி வைத்த சூடு என்பது பார்த்த எவருக்கும் தெரியும். என் கையிலிருந்த புடவை நழுவிவிட்டது. திரை விழுந்ததும் அறையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"உப்புப் புண்ணு" என்றார் மேஸ்திரி, சாவகாசமாக.

வாய் நீளம் என்று பேர் வாங்கிய நான் விழுந்த புடவையைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா தன் முந்தானையால் பிள்ளையைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு சொன்னார். "நானும் ஆடியிலேருந்து அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன். கார்த்திகையில ஏது மேஸ்திரி உப்பு?"

மேஸ்திரி எழுந்து வந்து, "புள்ளைய குடு" என்று கையை நீட்டினார். "தர மாட்டேன்" என்றார் அந்த அம்மா. அவர் குரல் நடுங்கியது. எனக்கு நன்றாகக் கேட்டது. நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேறு யாரும் எங்கள் பக்கம் வரவில்லை. ஆனால் பிள்ளையைப் பிடுங்கிக் கொடுக்கவும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மேஸ்திரி எல்லோருடைய முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

தண்ணீர் வடிந்ததும் நாங்கள் இருவருமாக விசாரித்துக் கண்டுபிடித்து, அவளை இடையஞ்சாவடியில் இருந்த அவளுடைய அப்பாவின் அக்காவிடம் கொண்டுபோய் விட்டோம். அந்தப் பெண்மணி முதுகைப் பார்த்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். பிள்ளை அங்கேயே வளர்ந்தாள். பிறகு ஒருமுறை தின்பண்டம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும் வீட்டுக்குள் ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள், கூப்பிட்டும் வரவில்லை. என் முகத்தைப் பார்த்தால் அந்த ஊர்தானே நினைவுக்கு வரும்?

மேஸ்திரிக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த திருவிழாவில் கோயிலில் அவருக்குத்தான் முதல் மாலை. தை மாதம் உப்பளம் திறந்தபோது அந்த அம்மாவுக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பக்கத்து உப்பளங்களிலும் அதே பதில்தான். வளர்த்த ஆடுகளை விற்றுவிட்டு, குடும்பத்தோடு செங்கல் சூளை வேலைக்குப் போனார். பஸ் ஏறும்போது, "விடுங்க டீச்சரம்மா, சூளையில உப்புப் புண்ணாவது வராது" என்று எனக்கே சமாதானம் சொன்னார். அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவே இல்லை.

இப்போது நான் ஓய்வு பெற்று வெகு காலம் ஆகிறது. குழந்தைகளுக்கு நடக்கிற சில கொடுமைகளைத் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம் என்று சட்டம் வந்திருக்கிறது. சில கொடுமைகளுக்கு மட்டும் போதாது, அடி, சூடு எல்லாவற்றுக்கும் அது வேண்டும், இன்னும் கறாராக வேண்டும் என்று நான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சண்டை போடுகிறேன். "ஏன் டீச்சர், எங்க தலையில இதையும் கட்டணுமா?" என்று இளம் ஆசிரியைகள் சலித்துக்கொள்கிறார்கள். அடிப் பைத்தியங்களே, அது சுமை இல்லை என்பேன். பயந்தவர்களுக்கு அது ஒரு துணை. அன்றைக்கு அப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் எங்கள் தலைமை ஆசிரியர் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே பேசியிருப்பார். அந்த அம்மாவும், "நான் என்ன பண்றது மேஸ்திரி, சொல்லலன்னா என்னப் புடிச்சி உள்ள போட்டுடுவாங்களே" என்று பழியை அதன் மேல் போட்டுவிட்டு, தை மாதம் கூடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போயிருப்பார்.