குரங்கு வாத்தியார் பூட்டி வைத்த படங்கள்

தெருவில் என் வீட்டுக்காரருக்குக் குரங்கு வாத்தியார் என்றுதான் பெயர். கல்லூரியில் உடற்கூறியல் நடத்தியவர். உயிரெல்லாம் மிருகக்காட்சிசாலையின் வாலில்லாக் குரங்குகள்மேல்தான். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறை காலியாக இருக்கும். மயக்க ஊசி போட்ட சிம்பன்சியைக் குப்புறப் படுக்க வைத்து உள்ளே தள்ளுவார்கள். அதன் கால் ஜில்லிடுமே என்று போர்வை போர்த்துவது என் வேலை. மற்ற பெண்கள் சினிமாவுக்குப் போனார்கள். நான் இங்கே போனேன். அந்த ஞாயிறுகளும் இல்லை, அவரும் இல்லை. நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

மனிதருக்கு மூளையின் ஒரு மடிப்பு இடப்பக்கம் பெரிதாம். குரங்குகளுக்கு அது வலப்பக்கம் பெரிது என்று இவர் கண்டுபிடித்திருந்தார். அதைப் புத்தகமாக எழுதவேண்டும் என்பதுதான் வாழ்நாள் ஆசை. அந்த ஸ்கேன் படங்களைக் கேட்டு எங்கெங்கிருந்தோ எழுதுவார்கள். மூச்! ஒருவருக்கும் தரமாட்டார்.

"எவனாவது எனக்கு முன்னாடி எழுதிட்டா?" என்பார். வைக்கோல்போர் நாய் கெட்டது போங்கள்.

பிறகு அவருக்குக் கண் மங்கியது. திரையில் மடிப்பின் ஓரம் தெரியவில்லை. புத்தகம் பாதியில் நின்றது.

"நீங்களும் எழுதப் போறதில்ல, எழுதுறவங்களுக்கும் குடுக்க மாட்டீங்க. செத்துப்போன ஜீவனுங்க படத்தக் கட்டிக்கிட்டு என்னங்க பண்ணப் போறீங்க?" என்று கத்தியேவிட்டேன்.

சில நாள் கழித்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் ஏற்றச் சொன்னார். மருமகள் ஏற்றினாள்.

படங்களை எடுத்து ஆராய்ந்த ஒரு பெண் பிற்பாடு ஃபோன் செய்தாள். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார், அந்த வயசான கொரில்லாவுக்கு வலது கண்ணு கிடையாதாமே? மிருகக்காட்சிசாலைல சொன்னாங்க. உங்க படத்துல இடது கண்ணுதான் சார் இல்ல."

குப்புறப் படுத்த மிருகத்தை, மல்லாந்து படுத்த மனிதன் என்றே இயந்திரத்தில் பதிந்திருக்கிறார்கள். எல்லாப் படத்திலும் இடமும் வலமும் மாறிக் கிடந்தன. இவருடைய கண்டுபிடிப்பு அப்படியே கவிழ்ந்துவிட்டது. மனுஷன் இடிந்துபோவாரே என்று பயந்தேன்.

"அப்ப அதுங்களும் நம்ம மாதிரியேதானா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமா சார்."

"அட!" முகமெல்லாம் சிரிப்பு. "நீயே எழுதும்மா. தப்பு யாரோடதுன்னு என் பேரையும் மறக்காமப் போடு."

ஃபோனை வைத்ததும் என் கையைத் தடவித் தேடிப் பிடித்தார்.

"இத்தன வருஷமும் ஒரு தப்புக்குத்தான்டி காவல் இருந்திருக்கேன்" என்றார்.

நான் அழுதேன். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.