தம்பிஐயா மாஸ்ரரின் அரைமணி நேரம்

மடத்துவெளியில் தம்பிஐயாவை எல்லோரும் மாஸ்ரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் என்று கேட்பார்கள். அவர் ஒரு பள்ளிக்கூடத்திலும் படிப்பித்ததில்லை. உண்மையைச் சொன்னால், ஒழுங்காகப் படித்ததுமில்லை. அவர் பாண்ட் மாஸ்ரர். எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் வியாழக்கிழமை மாலை என்றால் கொழும்பு வானொலியில் அரைமணி நேரம் அவருடையது. எட்டுப் பேர் கொண்ட குழு, நடுவில் அக்கோடியனோடு அவர்.

அந்த ஆசை வந்தது பதுளையில். யாழ்ப்பாணத்துத் தீவுகளைச் சேர்ந்த எங்கள் ஆட்களில் பாதிப்பேர் தெற்கே கடை வைத்திருந்த காலம் அது. தகப்பனுக்கு அங்கே பலசரக்குக் கடை. கடையில் ஒரு றேடியோ. சனிக்கிழமைகளில் அதில் லண்டனிலிருந்து ஒரு வெள்ளைக்காரரின் நடன இசைக்குழு வரும். முதலில் குழுத் தலைவர் இரண்டு வார்த்தை பேசுவார், பிறகு வாத்தியங்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். வயலின் ஒருவர், ட்ரம்பெட் ஒருவர், பாட்டு இன்னொருவர் என்றால் இந்த மனிதர் என்னதான் செய்கிறார்? ஒன்றும் வாசிக்காத ஆளின் பெயரைத்தான் முதலில் சொல்கிறார்கள். உலகத்தில் இப்படியும் ஒரு வேலை இருக்கிறதென்றால் அது தனக்குத்தான் என்று பருப்பு நிறுத்துக்கொண்டே தம்பிஐயா முடிவு செய்துவிட்டார். தகப்பனுக்குத் தெரிந்திருந்தால் தராசுத் தட்டாலேயே போட்டிருப்பார்.

பதுளையில் ஒரு பறங்கியரிடம் அக்கோடியன் பழகினார். பிறகு கொழும்பு. பகலில் புறக்கோட்டையில் ஊரவர் ஒருவரின் இரும்புக் கடையில் வேலை, மாலையில் வாத்தியம். வெள்ளைக்காரரைப் போல ஒன்றும் வாசிக்காமல் நிற்கிற வசதி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை; எட்டாவது ஆளுக்கு வழியில்லாததால் தானே வாசிக்கவேண்டி வந்தது. பாட்டுக்குத் தம்பி குலநாயகம். குழுவுக்குப் பெயர் வந்ததில் பாதி அந்தக் குரலால். இதை மாஸ்ரரிடம் சொன்னால் ஒப்புக்கொள்ளவும் மாட்டார், மறுக்கவும் மாட்டார். அக்கோடியனைத் துடைக்கத் தொடங்கிவிடுவார்.

கலையகத்தில் அவர் கண்டிப்பான ஆள். சிவப்பு விளக்கு எரிந்தால் எட்டுப் பேருக்கும் உடம்பென்று ஒன்று இருக்கக் கூடாது. இருமல், தும்மல், வீட்டுக் கவலை எல்லாம் வாசலோடு. கிளாரினெட் வாசித்தவருக்குப் பிள்ளை பிறந்த செய்தி வந்தபோதுகூட விளக்கு அணையும்வரை மாஸ்ரர் அதை அவரிடம் சொல்லவில்லை. அந்த மனிதர் அதற்காக ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லையாம்.

எண்பத்துமூன்று ஆடி மாதத்து ஒரு வியாழக்கிழமைக்குப் புது உருப்படிகள் எல்லாம் தயாராக இருந்தன. அந்த வியாழக்கிழமை அண்ணனும் தம்பியும் கொழும்பில் அகதி முகாமில் சோற்றுக்கு வரிசையில் நின்றார்கள். கலவரத்தில் அக்கோடியன் வீட்டோடு எரிந்துவிட்டது. பிறகு கப்பல், ஊர், தொண்ணூற்றொன்றில் ஊரும் இல்லை, பிறகு திரும்பவும் ஊர். இடம்பெயர்ந்த கதையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. குலநாயகம் லண்டனுக்குப் போனார். மாஸ்ரர் மனைவி மீனாம்பிகையோடு மடத்துவெளியில் வந்து இருந்தார். பிள்ளைகள் கனடாவில்.

நாற்பது வருடங்களாக அவருக்கு ஒரே ஒரு குறை. அந்த வியாழக்கிழமை அரைமணி நேரம் தனக்கு வரவேண்டியது, இன்னும் வரவில்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்வதில்லை. தம்பிக்கு மட்டும் தெரியும். சண்டை ஓய்ந்த பிறகு பழைய அக்கோடியன் ஒன்றைத் தேடிப் பிடித்து அனுப்பியதும் அவர்தான். கடைசியில், போன வருடம், லண்டன் தமிழ் வானொலி ஒன்றை நச்சரித்துச் சம்மதிக்க வைத்ததும் அவர்தான். மடத்துவெளிப் பிள்ளையார் கோயில் திருவிழா முடிந்த மறுநாள் பூங்காவனம் என்ற உற்சவம். அன்று மாலைப் பூசைக்குப் பிறகு வெளிவீதி மேடையில் தம்பிஐயா குழு வாசிக்கும். வானொலி அதை உலகம் முழுவதும் நேரடியாகக் கொடுக்கும். அரைமணி நேரம்.

யாழ்ப்பாணத்திலிருந்து வாத்தியகாரப் பொடியள் குறிகட்டுவான் பஸ்ஸில் வந்து இறங்கி ஒரு மாதம் ஒத்திகை பார்த்தார்கள். பாட்டுக்கு றஜீபன். மாஸ்ரர் அவர்களை வறுத்தெடுத்தார். மீனாம்பிகை எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றி ஊற்றிக் களைத்துப்போனாலும் முகத்தில் மட்டும் சிரிப்பு. முன்வரிசையில் தனக்கு ஒரு கதிரை வேண்டுமென்று கோயில் முகாமையாளர் சிவபாதத்திடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்.

பூங்காவனத்தன்று விடியற்காலை மாஸ்ரர் கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டு நின்றபோது போன் அடித்தது. குலநாயகத்தின் மகள் அனோஜினி.

“பெரியப்பா, அப்பா எங்களை விட்டிட்டுப் போட்டார்.”

“ஓம் பிள்ளை.”

“இப்பதான். ஆஸ்பத்திரியிலை நிக்கிறம். நெஞ்சு நோகுதெண்டு சொன்னவர், கொண்டுவந்து சேர்க்க முதலே...”

“ஓம். ஓம்.”

“அம்மா ஒரு கதையும் இல்லாமல் இருக்கிறா. நான் பிறகு எடுக்கிறன் பெரியப்பா.”

“ஓம் பிள்ளை.”

போனை மடிக்குள் வைத்தார். வாயைக் கொப்பளித்தார். முகம் கழுவினார். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். வரவில்லை. கிணற்றுக் கட்டில் ஒரு காகம் வந்து இருந்தது, அதைத் துரத்தினார். உடம்பு முழுவதும் விறைத்துப்போன மாதிரி இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

இரத்த உறவில் சாவு விழுந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு என்ற தீட்டு, கோயில் வீதியை மிதிக்கக் கூடாது. ஆனால் எங்கள் ஊர்களில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். செய்தி காதில் விழுந்தால்தான் துடக்கு. விழும்வரைக்கும் ஆள் சுத்தம். கலியாணத்துக்கு முதல்நாள் கனடாவில் மாமன் செத்தால், மாப்பிள்ளை தாலி கட்டி முடித்த பிறகுதான் சொல்வார்கள். அதுவரைக்கும் வீடு முழுவதும் தெரிந்தும் தெரியாததுபோல் பலகாரம் சுடும். இதில் நாங்கள் கெட்டிக்காரர்.

மாஸ்ரருக்குக் காதில் விழுந்துவிட்டது. சொன்னால் கோயிலுக்குப் போக முடியாது, அரைமணி நேரம் போய்விடும். சொல்லாமல் போனால் பிள்ளையார் வீதியைத் தெரிந்தே தீட்டாக்கியவர் ஆவார். அது வெளியே வந்தால் ஐயர் திரும்பவும் சுத்தி செய்யவேண்டும். கொடியேறிய நாளிலிருந்து விரதம் இருந்த ஊர் முழுவதும் காறித் துப்பும்.

“போனிலை ஆர்?” குசினிக்குள்ளிருந்து மீனாம்பிகை கேட்டார்.

“றஜீபன். எத்தினை மணிக்கு வாறதெண்டு கேக்கிறான்.”

சொன்ன வேகத்தில் போனை நிறுத்தி அலுமாரிக்குள் உடுப்புகளுக்குக் கீழே வைத்தார். தம்பி ஆசைப்பட்டு ஒழுங்கு செய்த நிகழ்ச்சி, தம்பிக்காகத்தான் அப்படிச் செய்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அது பொய். தம்பியின் முகம்கூட அந்த நேரம் அவருக்கு ஞாபகம் வரவில்லை. அரைமணி நேரம் போய்விடக் கூடாது என்பது ஒன்றுதான் இருந்தது.

பத்து மணிபோல் சிவபாதம் வந்தார். படலையடியில் நின்று மீனாம்பிகையோடு கதைத்துவிட்டு மாஸ்ரரைப் பார்க்காமலே போய்விட்டார். வீட்டுக்குள் திரும்பிவந்த மீனாம்பிகை முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

“இஞ்சாருங்கோ, எனக்கு முழங்கால் ஏலாமல் கிடக்கு. நான் கோயிலுக்கு வரேல்லை. நீங்கள் போட்டு வாங்கோ.”

“கதிரை சொல்லி வைச்சனீரெல்லே?”

“வீட்டிலை இருந்து கேக்கிறன்.”

மாஸ்ரருக்கு அது ஆறுதலாக இருந்தது. மீனாம்பிகையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாசிக்க வேண்டியதில்லை. கூட வரச்சொல்லி ஒரு வார்த்தை வற்புறுத்தாதது மனைவிக்கு மனவருத்தமாக இருக்குமோ என்று யோசித்தார். அந்த யோசனையும் பாதியில் நின்றுவிட்டது.

மாலையில் வீதியில் நல்ல சனம். சுவிசிலிருந்து வந்த உபயகாரர் குடும்பம் பட்டும் நகையுமாக நின்றது. மாஸ்ரர் உள்ளே போகாமல் மேடைப் பக்கமாகப் போய் இருந்தார். ஐயர் தேடிவந்து விபூதி கொடுத்தார். கையை நீட்டி வாங்கி, மற்றவர்கள் பூசுவதுபோலவே பூசினார். நெற்றி சுடும் என்று நினைத்தாரோ என்னவோ, ஒன்றும் ஆகவில்லை. ஒருவர் சோடா உடைத்துக் கொண்டுவந்தார். இன்னொருவர் கதிரையில் தலையணை வைத்தார். சிவபாதம் பக்கத்திலேயே காவல் நின்று யாரையும் கிட்ட வந்து கதைக்க விடவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகாவது ஊர் மரியாதை பழகியிருக்கிறது என்று மாஸ்ரர் நினைத்துக்கொண்டார்.

பூசை முடிந்தது. ஒலிபெருக்கியில் லண்டனிலிருந்து அறிவிப்பாளர் சயந்தன் வந்தார். “ஐயா, சுகமா இருக்கிறீங்களா?” என்று கேட்ட குரல் ஒரு மாதிரி இறங்கிப்போயிருந்தது. லைன் சரியில்லை என்று மாஸ்ரர் நினைத்தார்.

“வணக்கம் நேயர்களே. இது தம்பிஐயா.”

நன்றாக வாசித்தார். அதுதான் கொடுமை. நாற்பது வருடம் காத்திருந்த மனிதருக்கு ஒரு சந்தோசம் வந்திருக்க வேண்டும், காலையில் தம்பியை இழந்த மனிதருக்கு ஒரு கலக்கம் வந்திருக்க வேண்டும். இரண்டும் வரவில்லை. விரல்கள் தங்கள் பாட்டில் ஓடின. அவர் அந்த ஓட்டத்தைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது உருப்படி குலநாயகத்தின் பாட்டு. சரணத்தைக் குலநாயகம் எப்போதும் அரை மாத்திரை பிந்தித்தான் எடுப்பார், அதற்காக மாஸ்ரர் கையை நிறுத்திக் காத்திருப்பார். இப்போதும் கை தானாக நின்றது. றஜீபன் நேரத்துக்கு எடுத்துவிட்டான். மாஸ்ரர் வாசிப்பில் ஓடிப்போய் அவனைப் பிடித்துக்கொண்டார். சனம் ஒன்றும் கவனிக்கவில்லை. கடைசி உருப்படிக்குச் சுவிஸ் பிள்ளைகள் ஆடத் தொடங்கினார்கள், அவர்களைப் பார்த்து ஊர்ப் பிள்ளைகளும் ஆடினார்கள்.

அரைமணி நேரம் முடிந்தது. கைதட்டினார்கள். அவ்வளவுதானா என்று மாஸ்ரருக்கு இருந்தது.

சிவபாதம் அவரைத் தன் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டுவந்தார். குறுகலான ஒழுங்கைக்குள் திரும்பியதும் வீட்டு முற்றம் வெளிச்சமாகத் தெரிந்தது. பிளாஸ்ரிக் கதிரைகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். அயல் பெண்கள் வாசலில் கூடியிருந்தார்கள். கோயிலிலிருந்து குறுக்கு வழியால் ஓடிவந்தவர்களும் நின்றார்கள். நடுவில் மீனாம்பிகை.

இறங்கியதும் சிவபாதம் அவருடைய தோளைச் சுற்றிப் பிடித்தார், விழுந்தால் தாங்கிக்கொள்ளத்தான்.

“அண்ணை, மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கோ. லண்டனிலை குலநாயகம் அண்ணை மோசம் போட்டார். விடிய நடந்தது. சயந்தன்தான் எனக்கு எடுத்துச் சொன்னவர். உங்கடை காதிலை விழாமல் நாங்கள்தான் மறைச்சனாங்கள். அக்கா பாவம், கேட்டிட்டா எண்டபடியால் கோயிலுக்கும் வரேல்லை. மரண அறிவித்தலை றேடியோவிலை இனித்தான் போடப்போயினம். குறை நினையாதையுங்கோ அண்ணை.”

சோடா, தலையணை, முழங்கால் எல்லாம் அந்த இடத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது. ஊர் முழுவதும் ஒரு நாள் முழுக்க வாயைக் கட்டிக்கொண்டு அவரைச் சுத்தமாக வைத்திருந்தது. அவர் ஒருவர்தான் தெரிந்துகொண்டே போய் விபூதி வாங்கிப் பூசியவர்.

எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் அழத் தயாராக நின்றார்கள். அவர் “ஐயோ” என்று ஒரு குரல் வைத்தால் போதும், கூடச் சேர்ந்துவிடுவார்கள். இப்போதுதான் கேட்டவர்போல ஒரே ஒரு குரல். அது வராவிட்டால் யாருக்கும் விளங்கிவிடும். மாஸ்ரர் வாயைத் திறந்தார்.

“ஓம்,” என்றார்.

சிவபாதத்தின் கை தோளில் கொஞ்சம் தளர்ந்தது. யாரோ ஒருத்தி பக்கத்தில் நின்றவளைத் திரும்பிப் பார்த்தாள்.

அதற்குள் மீனாம்பிகை வந்துவிட்டார். முழங்கால் நோகாத நடை. அவருடைய கழுத்தைக் கட்டிப் பிடித்து, முகத்தைத் தன் தோளுக்குள் அழுத்தினார். காதோடு, மற்ற யாருக்கும் கேட்காமல், “எப்ப தெரியும்?” என்று கேட்டார்.

“காலமை.”

மீனாம்பிகை அப்படியே விட்டுவிட்டு விலகியிருக்கலாம், அவருக்கு அந்த நியாயம் இருந்தது. ஆனால் பிடியை இன்னும் இறுக்கினார்.

“ஐயோ, என்ரை மனுசன் விறைச்சுப் போச்சே, ஆராவது தண்ணி கொண்டுவாருங்கோவன்!” என்று ஒழுங்கை முழுவதும் கேட்கக் குரல் வைத்தார். பெண்கள் ஓடிவந்து சேர்ந்துகொண்டார்கள். சிவபாதமும் கண்ணைத் துடைத்தார். அவர்கள் எத்தனை பேர் வந்து சுற்றிப் பிடித்தும், அவருடைய முகத்தை மீனாம்பிகை ஒருவருக்கும் காட்டவில்லை. காய்ந்துபோன அந்தக் கண்களைத் தன் தோளுக்குள் மறைத்துவைத்துக்கொண்டு, இரண்டு பேருக்குமாகத் தான் ஒருத்தியே அழுதார்.