மூக்குக்குள் போன ஏலரிசி

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மாதம். போடிக்கு மேலே மலையில் எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருந்தது. காய் எடுக்கிற பருவத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு மேலே போய்விடுவோம். மகளுக்கு அப்போது மூன்று வயது. மகன் கைக்குழந்தை.

அன்று காலையில் ஒரு வியாபாரி காய் பார்க்க வந்தார். ஏலக்காய் வாங்க வருகிறவர்களுக்கு மூக்குதான் முதலாளி. ஒரு காயை நசுக்கி, உள்ளே இருக்கும் கறுப்பு அரிசியை உள்ளங்கையில் தேய்த்து, மூக்கோடு ஒட்டிவைத்து, கண்ணை மூடி ஓர் இழுப்பு இழுப்பார்கள். காய் எவ்வளவு நன்றாக இருந்தாலும் முகத்தைச் சுளிப்பார்கள். அவர் அதெல்லாம் செய்துவிட்டுப் போனதும் நான் உலையைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தால், தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் ஏலரிசியை எடுத்துத் தன் மூக்கில் வைத்துத் திருகிக்கொண்டிருக்கிறாள்!

"அடியே! மூக்குக்குள்ள போட்டுட்டியாடி?"

நான் போட்ட சத்தத்தில் மிரண்டுபோய், ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அந்த நேரம் பார்த்து மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் கீழே கிளம்பிக்கொண்டிருந்தது. மகளை என் வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டார், மகனை நான் இடுக்கிக்கொண்டேன். அடுப்பை அணைத்தேனா என்றுகூடத் தெரியாமல் ஏறிவிட்டேன்.

ஜீப்பில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கீழே சிலமலை என்கிற ஊர்க்காரர், தோட்டத்தில் ஆள் வைத்து வேலை வாங்குகிறவர். இன்னொருவர் காய் எடுக்க வந்திருந்த ராசிங்காபுரத்து அக்கா. விஷயத்தைக் கேட்டதும் இரண்டு பேரும் டாக்டராகிவிட்டார்கள்.

"பிள்ளைய பேச விடாத ஆத்தா. வாயத் தெறந்துச்சுன்னா அரிசி அப்படியே நெஞ்சுக்குள்ள எறங்கிரும்" என்றார் அக்கா. டிரைவர் மலையாளத்துப் பக்கமே பாதி நாள் கிடக்கிறவர். அவரும் தலையைத் திருப்பாமலேயே, "மோளே, மிண்டாதே!" என்று அதட்டினார். பேசாதே என்பதை இரண்டு பாஷையிலும் கேட்டுக்கொண்டது பிள்ளை.

அது ஒரு தடவை, "அம்மா, தம்பி..." என்று ஆரம்பித்தது. "தம்பிய நான் பாத்துக்கிறேன். நீ வாயத் தெறந்தே, கொன்னுருவேன்" என்றேன். கையால் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். தம்பியோ பால் குடிக்க மாட்டேன் என்று ஒரே அடம். வாயை வைப்பான், உடனே விட்டுவிட்டு வீறிடுவான். மூக்கு வேறு ஒழுகியது. மலைக் குளிர், சளி பிடித்துவிட்டது என்று நினைத்தேன். இருக்கிற கஷ்டத்தில் இவன் வேறு உயிரை வாங்குகிறானே என்று எரிச்சலாக வந்தது.

பாதி மலை இறங்கியிருப்போம். சிலமலைக்காரர் மடியிலிருந்து மூக்குப்பொடி மட்டையை எடுத்தார். "மாப்ளே, ஒரு சிட்டிகை போதும். பிள்ளை ஒரு தும்மு தும்முச்சுன்னா அரிசி எகிறி வந்து விழுந்துரும்" என்றார். என் வீட்டுக்காரரும் சரி என்று சொல்லிவிட்டார். மழைக்காகப் படுதாவை எல்லாம் இறக்கிக் கட்டியிருந்தோம். மட்டையைப் பிரிக்கவும் ஜீப் ஒரு பள்ளத்தில் விழவும் சரியாக இருந்தது. பொடி மொத்தமும் எங்கள் தலைமேல்!

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்ல? அக்கா தும்மினார். என் வீட்டுக்காரர் தும்மினார். பொடி போட்டே பழகின சிலமலைக்காரரும் தும்மினார். கைக்குழந்தை விடாமல் தும்மினான். கொண்டை ஊசி வளைவில் டிரைவரும் தும்ம, ஜீப் பள்ளத்தாக்கைப் பார்த்துப் போய் நின்றது. என் மகள் மட்டும் தும்மவே இல்லை. வாயைப் பொத்திய கைக்குள்ளேயே விழுந்து விழுந்து சிரித்தாள்.

போடி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். மகள் போட்ட ஆட்டத்தில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "அரிசி ஊறி உப்பிருச்சுன்னா எடுக்கிறது கஷ்டம்மா. மூச்சுக்குழாய்க்குப் போயிருச்சுன்னா ஆபத்து. மதுரையில குழந்தைங்க ஆஸ்பத்திரிக்கு வெரசா கொண்டு போயிருங்க" என்றார். அதே ஜீப் மதுரைக்குக் கிளம்பியது. மூட்டையும் இறங்கவில்லை, இரண்டு பேரும் இறங்கவில்லை. "என்னாச்சுன்னு தெரியாம எப்பிடித் தாயி வீட்டுல சோறு எறங்கும்?" என்று அக்கா அழுதுகொண்டே வந்தார். வழியெல்லாம் எங்கள் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுவதாக நான் வேண்டிக்கொண்டே வந்தேன்.

அங்கே அவசரப் பிரிவில் இருந்தது ஒரு டாக்டரம்மா. சின்ன வயசுதான். நாங்கள் உள்ளே நுழைந்ததும் நர்சுகள் மூக்கை உறிஞ்சிப் பார்த்து, "யாருக்கும்மா இங்க கல்யாணம்? பாயச வாசம் அடிக்குது" என்றார்கள். மகளைப் போர்வையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, விளக்கு அடித்து இரண்டு மூக்கையும் பார்த்தார் டாக்டரம்மா.

"ஒண்ணுமே இல்லையே!"

அப்படியானால் நெஞ்சுக்குள் போய்விட்டது! அக்கா வாய்விட்டு ஒப்பாரியே வைத்துவிட்டார். டாக்டரம்மா எல்லோரையும் சும்மா இருக்கச் சொல்லி, மகளின் நெஞ்சிலும் முதுகிலும் குழாயை வைத்துக் கேட்டார். அங்கேயும் ஒன்றுமில்லை. பிறகு மண்டி போட்டு உட்கார்ந்து, மகளின் முகத்துக்கு நேராகக் கேட்டார்.

"பாப்பா, என்ன ஆச்சு? நீ சொல்லு."

மகள் என்னைப் பார்த்தாள். அவள் அப்பாவைப் பார்த்தாள். வாயிலிருந்து கையை மெல்ல எடுத்து, "பேசலாமா?" என்றாள்.

"பேசும்மா."

"தம்பி மூக்குல இருக்கு. நல்ல காயான்னு மோந்து பாக்கக் குடுத்தேன்."

காலையில் வந்த வியாபாரியைப் பார்த்துவிட்டு, இவள் தம்பியை வைத்து வியாபாரம் நடத்தியிருக்கிறாள். முதலில் தன் மூக்கில் வைத்து மோந்துவிட்டு, அடுத்து அவன் மூக்கில் வைத்திருக்கிறாள். அவன் வியாபாரியைவிடப் பலமாக ஓர் இழுப்பு இழுத்துவிட்டான். அதன் பிறகு மறுபடியும் தன் மூக்கில் வைக்கும்போதுதான் நான் போய் நின்றிருக்கிறேன்.

டாக்டரம்மா என் கையிலிருந்து மகனைப் பறித்தார். வளைந்த கம்பி ஒன்றை விட்டு இழுத்தார். இரண்டு மூன்று அரிசி ஒட்டியபடி, ஊறிப் பெருத்து வந்து விழுந்தது. மகன் வீறிட்டு அழுதான். மடியில் போட்டதும், அன்று காலையிலிருந்து குடிக்காத பாலை மூச்சு விடாமல் குடித்தான். நான் வெட்கத்தை எல்லாம் விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

"சளின்னு நெனச்சு விட்டிருந்தீங்கன்னா உள்ள போயிருக்கும். நல்லவேளை, தும்மித் தும்மி முன்னால வந்திருக்கு" என்றார் டாக்டரம்மா. அவ்வளவுதான், சிலமலைக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எல்லாம் நம்ம பொடி!" என்று மடியில் கையை விட்டார். நர்சு அவரை வாசல் வரைக்கும் விரட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டில் என் மகனைப் பார்த்தாலும், "நான் காப்பாத்துன உசுருடா நீ" என்று அவர் மார் தட்டாமல் விட்டதில்லை. தட்டிக்கொள்ளட்டும். ஆனால் என் பிள்ளை இன்று உயிரோடு இருப்பது, ஒரு மூன்று வயதுப் பிள்ளைக்கு முன்னால் மண்டி போட்டு, "நீ சொல்லு" என்று கேட்டு, பதில் வரும்வரை அந்த டாக்டரம்மா பொறுத்திருந்ததால்தான். நாங்கள் இத்தனை பேர் இருந்தும் மலையிலிருந்து மதுரை வரைக்கும் ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லையே என்பதை நினைத்தால், சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு இன்றும் கண் கலங்கிவிடுகிறது.